விதை முற்றிய புல்கட்டு

வளர வளரக் கனம் கூடும். கனம் கூடக் கூடச் சத்துக் குறையும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஒரு கொட்டகையில் இரண்டு காய்ந்த புல்கட்டுகள் சாய்ந்திருந்தன. இரண்டும் ஒரே வயலில் முளைத்தவை. குட்டைக் கட்டைப் பூவெடுக்கும்போதே அறுத்துவிட்டார்கள். நெட்டைக் கட்டோ, "அரிவாளண்ணே, விதை முற்றும்வரை வளர்கிறேனே" என்று கெஞ்சி வயலிலேயே நின்றது.

"அடேயப்பா, நீ என் இடுப்புக்குக்கூட வரமாட்டாய் போலிருக்கிறதே!" என்று அது குட்டையைக் கேலி செய்தது.

உயரத்தைப் பார்த்து, நெட்டையிலிருந்தே பசுவுக்குப் புல் உருவிப் போட்டார்கள். சில நாளில் பசுவின் கன்று மடியை முட்டி முட்டி அழுதது.

"அம்மா, பால் வரலையே!"

"என்ன செய்வேன், கண்ணு? எல்லாம் வெறும் தண்டு. மென்று மென்று தாடை வலிக்கிறது. வயிறு நிறைகிறது, மடி நிறையவில்லை."

கன்றின் விலா எலும்புகளைப் பார்க்க நெட்டைக்குக் கூசியது. தலையிலிருந்த விதைகள் உதிர்ந்தன.

"தம்பி, இனி பசுவுக்கும் கன்றுக்கும் நீயே தீனியாகப் போ," என்றது குட்டையிடம். "நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வேன்?"

"பேசாதே அண்ணே, கன்று வருகிறது."

கன்று இரண்டையும் முகர்ந்தது. குட்டையைத் தின்றது. பிறகு நெட்டையைக் கலைத்து, அதன்மேல் படுத்துக்கொண்டது.