நாற்பத்து மூன்று சதவீதம்

நாற்பத்து மூன்று சதவீதம் வந்ததும் திரை நீலமாகி, அக்காவின் கம்ப்யூட்டர் அன்று நான்காவது முறையாகப் படுத்துவிட்டது.

"பேக்கப்பும் உன் நத்தை மாதிரிதான் போகுது. என்ன, நத்தை போய்ச் சேர்ந்துடும்," என்றார் அத்தான். மேசையின் மறுமுனையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா நத்தைகளை ஆராய்கிறாள். ஒரு பழைய மதிலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சால் எண் போட்டு, ஆறு வருடம் வாரம் தவறாமல் படம் எடுத்தாள். இப்போது அந்த மதில் இல்லை. இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கூடவே எல்லாப் படங்களின் பிரதியும் வேண்டும். ஒரு வருடத்துப் படங்கள் குறைந்தாலும் வாங்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது என் தொழில். அக்காவிடம் கூலி வாங்குவதில்லை, திட்டு வாங்குவதுண்டு. இரண்டு வாரத்துக்கு முன் அவளுடைய ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கியபோது, கடைக்கு எடுத்துப் போய், அதிலிருந்ததை அப்படியே ஒரு புது டிஸ்கில் நகலெடுத்து மாட்டிக் கொடுத்தேன். பேக்கப் எடுத்து வைத்துக்கொள் என்று தனியாக ஒரு வெளி டிஸ்கும் பரிசாகக் கொடுத்தேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பறக்கிறது. பேக்கப் எடுத்தால் மட்டும் விழுகிறது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கேபிளை மாற்றினேன். பிறகு மெமரியைக் கழற்றி, பித்தளை நிறத்தில் இருக்கும் அதன் விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். தூசியை ஊதினேன். வைரஸ் தேடினேன். ஒவ்வொரு வேலைக்கும் என்னிடம் ஒரு முகம் உண்டு. வாடிக்கையாளர்கள் அந்த முகத்தைப் பார்த்தே பாதி ஆறுதல் அடைந்துவிடுவார்கள்.

அத்தானுக்குக் கரண்டின் மேல் சந்தேகம். பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் போடும்போதுதான் இது விழுகிறது என்று அடித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். அவர்கள் மெஷின் கெட்டுப்போய் ஒரு மாதம் ஆகிறதாம். முடிந்தால் என்னையும் ஒரு எட்டு வந்து பார்க்கச் சொன்னார்களாம்.

அக்கா என் பக்கத்தில் நாற்காலி போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மணிக்கணக்கில் அசையாமல் ஒன்றைப் பார்ப்பது அவளுக்குக் கைவந்த கலை.

ஐந்தாவது முறை ஓடவிட்டேன்.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தேன். நீலம்.

"நாப்பத்திரண்டு வந்ததும் நீ ஸ்கிரீனைப் பார்க்கிறதை விட்டுடறடா," என்றாள் அக்கா. "அஞ்சு தடவையும். விழப்போகுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுது."

அத்தானின் கை பட்டாணியில் நின்றது.

நான் கம்ப்யூட்டரை எழுப்பி ஆறாவது முறை ஓடவிட்டேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பிறகு சொன்னேன்.

நகலெடுத்த அன்று, பழைய டிஸ்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிட்டுப் போகவா என்று திரையில் கேள்வி வந்தது. பதினேழு முறை முயலச் சொன்னேன். பதினெட்டாவது முறை, விட்டுவிடு, இனிமேல் கேட்காதே என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். விட்டுப்போனது மூன்றாம் வருடப் படங்கள். பேக்கப் அந்த இடத்துக்கு வந்துதான் விழுகிறது. இன்று முதல் முறை விழுந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற நான்கும் சும்மா கண்துடைப்பு.

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லித் தொலைத்ததில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அக்கா கத்தவில்லை. மழை பொய்த்தது அந்த மூன்றாம் வருடத்தில்தான், ஆய்வே அதைப் பற்றித்தான் என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

"சரி. பழைய டிஸ்க் இருக்குல்ல? பதினேழு தடவை கேட்டதை நூறு தடவை கேட்டா குடுக்காதா?"

கொடுக்கும். பொறுமையாகக் கேட்டால் முக்கால்வாசி கொடுத்துவிடும். ஆனால் அதை அழித்துவிட்டேன் என்றேன்.

"அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியாதா மச்சான்?" என்றார் அத்தான். அன்று முழுவதும் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி.

முடியும். அழித்தாலும் உள்ளே இருந்தது உடனே போய்விடாது. அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை அங்கேயேதான் கிடக்கும். அதையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிப் போனது எனக்கே கேட்டது.

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டத் தொடங்கினாள். கடையை இப்போதே திறக்க வேண்டும் என்றாள்.

கடையில் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் உழைக்குமே, தூக்கிப் போடுவானேன் என்று அந்தப் பழைய டிஸ்கைத்தான் துடைத்து, ஒரு புதுப் பெட்டிக்குள் போட்டு அவளுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தேன். மேசைமேல் பட்டாணித் தோலுக்குப் பக்கத்தில் அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது முறையாக அதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு சதவீதம்.

கேபிளைப் பிடுங்கினேன். அக்கா ஒற்றைச் செருப்போடு நின்று என் கையைப் பார்த்தாள்.