துரத்துகிறவன்

நாலாவது தெருவில் செவலை என்றொரு நாய். தினமும் விடியற்காலையில் மூச்சிரைக்க ஓடிவரும் ஒரு மனிதரைப் பார்த்துப் பார்த்து அதற்குப் பயம் பிடித்துக்கொண்டது. பின்னால் யாருமே இல்லை, ஆனாலும் ஓடுகிறார். துரத்துகிறவன் ஒருநாள் இந்தத் தெருவுக்குள் நுழையாமலா போவான்?

"அண்ணே, மேலேருந்து பாத்துச் சொல்லுங்க. அவர யாரு துரத்துறா?" என்று மின்கம்பத்துக் காக்கையைக் கேட்டது.

"பின்னால இல்லடா, அவரு கையிலயே உக்காந்திருக்கான். அந்தக் கறுப்புக் கடிகாரம்தான். அது கீச்சுன்னு கத்துனா போதும், இவரு பதறிப்போய் இன்னும் வேகமா ஓடுறாரு. ஞாயித்துக்கிழமை பந்தயம் வேற இருக்காம்."

அன்று செவலைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பாதித் தெருவில் அவர் சட்டென்று நின்றார். சார்ஜ் தீர்ந்து கடிகாரம் அணைந்திருந்தது.

"செத்துட்டான்! தப்பிச்சீங்க சார்!" என்று செவலை வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

அவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஐயோ, ஓடுன எட்டு கிலோமீட்டரும் கணக்குல ஏறாமப் போச்சே!" என்று தலையில் கைவைத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செவலையின் வால் நின்றது. மெதுவாகக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தது.

"அண்ணே, துரத்துனவன்தான் செத்துட்டானே, இவரு ஏன் அழுறாரு?"