வேண்டாம் என்றவள்

தம்பிக்கு மூளையில் கேன்சர் கட்டி என்றதுமே ரேவதிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆபரேஷன் வேண்டாமென்று அவன் பெண்டாட்டி அபிநயா டாக்டரிடம் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மீதி உயிர் கொதித்தது.

சொன்னது அம்மா பச்சையம்மாள்.

"நான்தான் வேணாம்னேன் அத்தைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாடி. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறித் திருவண்ணாமலை வந்து இறங்கும் வரை ரேவதிக்கு அதே யோசனைதான். தம்பி கலையரசன் அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியார். அவனுக்கு ஒன்று ஆனால் பெண்டாட்டிக்கு வாரிசு வேலை கிடைக்கும். அவளும் டிகிரி படித்தவள். இப்படியும் ஒருத்தி நினைப்பாளா? ஏன் நினைக்கமாட்டாள்?

வந்த அன்றைக்கே ஆளைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அபிநயா சமையலறையில் நின்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். ரேவதியைக் கண்டதும், "அப்புறம் பேசறேங்க" என்று சட்டென வைத்துவிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அம்மாதான் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். மருமகளை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மகனுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள், வேட்டி துவைத்தாள், நாலு தெரு தள்ளிப் போய் இளநீர் வாங்கி வந்தாள். திட்டு எதற்கும் அபிநயா வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படிப் பேசும் என்று நினைத்துக்கொண்டாள் ரேவதி.

மறுநாள் தம்பியை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போகக் கிளம்பினார்கள். ரேவதி தானும் வருவதாகச் சொன்னாள். அபிநயா தயங்கினாள்.

"வெயில்ல நீங்க எதுக்கு அண்ணி? அத்தைக்குத் துணையா இருங்களேன்."

அது ஒன்றே போதுமாயிருந்தது. ரேவதி முதல் ஆளாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

வேலூரில் தொடங்கப்போகும் ரேடியேஷனைப் பற்றியும், கூடவே சாப்பிட வேண்டிய கீமோ மாத்திரையைப் பற்றியும் டாக்டர் நிதானமாக விளக்கினார். ரேவதிக்குப் பொறுக்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்துட்டா ஆச்சு. ஏன் டாக்டர் பண்ணலை?"

"முழுசா எடுக்க முடியாதும்மா. முடிஞ்ச வரைக்கும் எடுத்தா ஆயுசு கொஞ்சம் கூடலாம். ஆனா கட்டி இருக்கறது பேச்சு வர்ற இடம். பேச்சு போயிடவும் வாய்ப்பிருக்கு. ரெண்டையும் சொல்லித்தான் கேட்டோம்."

"இவ வேணாம்னுட்டா. அதானே?"

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"இவங்களா? பண்ணிடலாம்னு இங்க உக்காந்து அழுதவங்களே இவங்கதான். நேத்துகூட போன் பண்ணி, அவர் மனசை எப்படியாவது மாத்த முடியுமான்னு கேட்டாங்க. வேணாம்னது உங்க தம்பி."

கலையரசன் தலையைக் குனிந்துகொண்டான். இப்போதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையையும் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

"பேச்சு... போயிட்டா... நான் இருந்து என்னக்கா பண்றது?"

ரேவதி அவன் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

வெளியே வந்து தம்பியை நிழலில் உட்கார வைத்துவிட்டு, அபிநயாவின் கையைப் பிடித்து மருந்துக்கடை ஓரமாக இழுத்துப் போனாள்.

"அம்மாகிட்ட ஏன்டி நீ சொன்னதா சொன்ன? தெனமும் இவ்ளோ திட்டு வாங்கறியே."

அபிநயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுவதை ரேவதி இப்போதுதான் பார்க்கிறாள்.

"பெத்த புள்ளையே வேணாம்னுட்டாருன்னு தெரிஞ்சா அத்தை அன்னிக்கே படுத்துடுவாங்க அண்ணி. என் மேல இருக்கற கோவத்துலயாவது எழுந்து நடமாடட்டும்."