எதிரணி இல்லாத இறுதி ஆட்டம்

"அப்போ சனிக்கிழமை நாங்க வரமாட்டோம், நீங்களும் வரமாட்டீங்க. அதானே?"

"அதேதான் மாப்ளே. பெரிய ஆட்டம் ஆரம்பிக்கிறவரைக்கும் கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட நம்ம இறுதி ஆட்டம்தான் கிடைச்சுதா? அந்தக் கோப்பையைச் சங்கத்துக்காரங்களே வெச்சுக் கும்பிடட்டும்."

டெனிஸ் அன்று கை கொடுத்த அழுத்தம் கிளெமின் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. இரண்டு மாதம் ஆகிவிட்டது.

சிட்னி நகரத்தில், அணிக்குப் பதிமூன்று பேர் ஆடும் ரக்பி லீக் போட்டி தொடங்கி அது இரண்டாவது ஆண்டு. துறைமுகத்துக்கு அக்கரையில் ஃபெர்ன் கோவ் அணிக்கு டெனிஸ் தலைவன். இக்கரையில் கில்ன் ஹில் அணிக்குக் கிளெம். டெனிஸின் தங்கை நோராவைத்தான் கிளெம் கட்டிக்கொள்ளப் போகிறான்.

அந்தச் சனிக்கிழமை கிளெம் போனான். மொத்த அணியோடு போனான். வராவிட்டால் அணியிலிருந்து பெயரை அடித்துவிடுவோம் என்று கிளப் செயலாளர் மிரட்டியது நிஜம். ஆனால், பந்தை உதைத்தது செயலாளரின் கால் அல்ல.

ஆளில்லாத எதிர்ப் பாதியைப் பார்த்து நடுவர் விசில் ஊதினார். கிளெம் உதைத்தான். அவனுடைய ஆளே ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி சேர்த்தான். கோப்பை வந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. சிரித்தார்கள்.

அன்றிலிருந்து டெனிஸ் அவனோடு பேசவில்லை. கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

"அப்பா இல்லாத பொண்ணு நான். அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சர்ச்சுக்குள்ள வருவேன். இல்லேன்னா வரவே மாட்டேன்," என்று நோரா உறுதியாக நின்றாள்.

கல்யாணத்துக்கு நான்கே நாள் இருந்தது. டெனிஸ் வேலை பார்க்கும் படகுப் பட்டறைக்குக் கிளெம் போனான்.

"அடடே, ஆளே இல்லாத மைதானத்துல ஜெயிச்ச வீரரு வர்றாரு," என்றார் ரம்பத்தோடு நின்ற தச்சர். "எல்லாரும் ஒதுங்குங்கப்பா. எதிர்ல ஆள் நின்னா அவருக்கு ஆகாது."

பட்டறை சிரித்தது. கிளெமுக்குக் காதுமடல் வரை சுட்டது.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருய்யா," என்றான் டெனிஸ். படகின் அடியில் குந்தி, பலகை இடுக்கில் சணல் அடைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

கிளெம் பக்கத்தில் மரத்தூளிலேயே உட்கார்ந்தான்.

"மச்சான்."

சுத்தியல் ஓயவில்லை.

"நான் பண்ணது ஈனத்தனம். சாக்கு எதுவும் சொல்ல வரல. பேப்பர்ல எழுதிப் போடச் சொல்லு, போடறேன். கோப்பையை உன் வாசல்ல கொண்டுவந்து வைக்கச் சொல்லு, வைக்கிறேன்."

"கோப்பை யாருக்கு வேணும்?"

"நீ வாக்கைக் காப்பாத்துன மனுஷன். உங்க கரை முழுக்க அதுதான் பேச்சு. பாதிரியார் பிரசங்கத்துலயே உன் பேரைச் சொன்னாராமே..."

"அதை விடு." டெனிஸ் சணலை இன்னும் ஆழமாக அடித்தான்.

"எப்படி விடறது? சவரம் பண்ணக் கண்ணாடியைப் பார்க்கவே கூசுது எனக்கு. என் மூஞ்சியில காறித் துப்பு, வாங்கிக்கிறேன். ஆனா நோரா என்ன பண்ணா? என்கூடப் பேச வேணாம், சாப்பிட வேணாம். அவளைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிடு. அது போதும்."

சாப்பாட்டு மணி அடித்தது. தச்சரும் மற்றவர்களும் வெளியே போகும்வரை டெனிஸ் காத்திருந்தான்.

"அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாங்க எங்க இருந்தோம்னு நினைக்கிறே?"

"வேற எங்க? அவங்கவங்க வீட்லதான்."

டெனிஸ் இல்லையென்று தலையாட்டினான். இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் கிளெமின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"நடுத்தண்ணியில. உங்க கரைக்கு வர்ற படகு என்ஜின் கெட்டு ஒரு மணி நேரம் நின்னுபோச்சு. நீங்க சொன்ன சொல் தவறமாட்டீங்க, மைதானத்துல யாருமே இருக்கமாட்டாங்க, கோப்பையைத் தட்டிட்டு வந்துடலாம்னு நம்பி, நாங்க பதிமூணு பேரும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு அதுலதான் உக்காந்திருந்தோம்."

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"நோராவுக்குக்கூட இது தெரியாது. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, இந்த அண்ணன் அவ கையைப் பிடிக்கலாமான்னு எனக்காக ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றியா, மாப்ளே?"