கடைசிச் சத்தம்

டொக், டொக். படிக்கல்லில் பூட்ஸைத் தட்டும் சத்தம். பிறகு ஈரமாக இரண்டு இருமல். பிறகு, "ஏ குருவு, வந்துட்டேன்."

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சொந்த ஊரான பாலக்காட்டுக்கே மாற்றலாகி வந்த பிறகும், மழை பிடித்தால் பவ்யா டீச்சர் காதில் அது விழும்.

முதலில் அவள் அதைக் கேட்டது இடுக்கியில், ஒரு மலைப் பள்ளியில். ஜூனில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் கலைவிழாவான கலோற்சவம் அந்த வருஷம் அங்கேயே நடப்பதாக இருந்தது. மிமிக்ரிக்கு மாரீஸ்வரி. பத்தாம் வகுப்பு.

வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. மாரீஸ்வரி தேயிலை ஃபாக்டரியின் சங்காக ஊதினாள். வளைவில் மூச்சு வாங்கும் பஸ் ஆனாள். மைக்கைத் தட்டித் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று ஆரம்பிக்கும் ஹெட்மாஸ்டரைக்கூட விடவில்லை. கடைசியில் அந்த பூட்ஸ், அந்த இருமல், அந்தக் குரல்.

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து ஒரு ஆண்பிள்ளை களைத்துப்போய் வீடு திரும்பியிருந்தார்.

"யாருடி இது?"

"எங்கப்பா டீச்சர். வேலை விட்டு வீட்டுக்கு வர்றது."

"இது ஒண்ணுக்கே ஃபர்ஸ்ட் கொடுத்துடுவா. நம்ம ஸ்கூல்லேர்ந்து மிமிக்ரிக்கு இதுவரை யாருமே ஜில்லா போட்டிக்குப் போனதில்லையாம். நீ போகப்போறே, பார். அன்னிக்கு அப்பா அம்மாவை அழைச்சிண்டு வா."

"அம்மாவுக்குக் கண்ணு போயிருச்சு டீச்சர். படுக்கைதான். அப்பா வந்த சத்தம் கேட்டாத்தான் ஒரு வாய் கஞ்சி இறங்கும்."

"அப்போ அப்பாவை மட்டும் கூட்டிண்டு வா."

"அவரு சாயங்காலந்தான் வருவாரு."

கலோற்சவத்தன்று காலையில் மைக்செட்காரர் ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் ஏற்றிக் கட்டினார். பள்ளத்தில் இருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"வர முடியாதவங்களும் கேக்கட்டுமே!" என்றார்.

மாரீஸ்வரி மேடை ஏறுமுன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்குக்குக் கைதட்டல். பஸ்ஸுக்கு விசில். 'ஹலோ, ஹலோ'வுக்கு ஹெட்மாஸ்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தது அப்பா. பவ்யா டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். மூடினாள். கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

இரண்டாம் இடம். ஜில்லாவுக்கு வேறு பள்ளிப் பெண் போனாள்.

"என்னடி பண்ணிட்டே? கடைசி ஐட்டம் எங்கே?"

"குழாயைக் கீழ பாத்துக் கட்டியிருக்காங்க டீச்சர்."

"அதனாலென்ன? உங்க லயனுக்கே கேட்டிருக்குமே, நல்லதுதானே!"

மாரீஸ்வரி மறுபடி அந்தக் குழாயைப் பார்த்தாள்.

டீச்சருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தோன்றியதும் கோபம் தலைக்கேறியது.

"ஓ, தோட்டத்துல வேலை பாக்கற அப்பாவை நாலு பேருக்கு முன்னாடி காட்டிக்க வெக்கமாயிடுத்தோ?"

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா டீச்சர்."

திங்கட்கிழமை அசெம்பிளி. ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டினார். 'ஹலோ, ஹலோ.' பிள்ளைகள் மாரீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜில்லாவுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். ஒப்பனா நடனம், நாட்டுப்புறப் பாட்டு, தமிழ்ப் பேச்சு. அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி, அதற்கடுத்து விளையாட்டு விழா, எல்லோரும் உற்சாகமாகக் கலந்துகொள்ள வேண்டும். வரிசையில் நின்ற மாரீஸ்வரி எல்லாப் பெயருக்கும் கைதட்டினாள்.

அதைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு ஆறவில்லை. பெற்ற அப்பனைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற பெண்ணா? அந்த மனுஷனிடமே கேட்டுவிடலாம்.

சாயங்காலம் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு லயனுக்கு இறங்கினாள். பனி வழியை மூடியிருந்தது. விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"மாரீஸ்வரியோட அப்பா, பெரியமுத்து வீடு எதும்மா?"

"கடைசி வீடு டீச்சர். என்ன விஷயம்?"

"அவரைத்தான் பாக்கணும். வந்திருப்பாரா?"

அந்தப் பெண் டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாள். விறகோடு உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் நடந்தாள். நாலைந்து வீடு தாண்டியிருப்பாள்.

டொக், டொக். இரண்டு இருமல்.

"ஏ குருவு, வந்துட்டேன்."

நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று டீச்சர் நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நோயில் இளைத்த குரல்.

"வந்துட்டீகளா? நனைஞ்சிட்டீகளா? ஏ மாரி, அப்பாவுக்கு வெந்நி வையி. எனக்குங் கொஞ்சம் கஞ்சி ஊத்து."

டீச்சர் வாசலை எட்டினாள்.

படியில் மாரீஸ்வரி நின்றிருந்தாள். வேறு யாரும் இல்லை. இன்னும் பள்ளிச் சீருடையை மாற்றவில்லை. ஒரு கையில் பெரிய பூட்ஸ் ஜோடி. டீச்சரைக் கண்டதும் மறு கையின் விரல் உதட்டுக்குப் போனது.

"இந்தா வைக்கிறேம்மா," என்றாள், இப்போது தன் சொந்தக் குரலில்.

அம்மா குருவம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்த முந்தின வருஷ மழைக்காலத்திலேயே, தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து பெரியமுத்து செத்துப்போயிருந்தார்.