பெருக்காத அறை

விமானச் சீட்டில் பயண நேரம் இரண்டாக அச்சிடப்பட்டிருந்தது. மதுரையிலிருந்து மறுகரை நிலையத்துக்குப் பயணிக்கு நாற்பது நிமிடம். வீட்டாருக்கு ஒன்பது ஆண்டு.

இளவழகன் கிளம்பிய காலையில் பவுடர் டப்பா கவிழ்ந்து, அவன் காலடிகள் கட்டிலிலிருந்து கதவுவரை வெள்ளையாகப் பதிந்தன. போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. மற்ற அறைகளை ஒரு வாரத்தில் பெருக்கிவிட்ட செண்பகவல்லி, அந்த அறையை மட்டும் பூட்டி வைத்தாள்.

மகள் நறுமுகைக்கு இப்போது எட்டு வயது. அப்பா என்று அவள் பார்த்ததெல்லாம் சன்னல் வழியே தெரியும் அந்தக் காலடிகளைத்தான். அவர் சேர்ந்ததும் அந்த அறை அவளுக்கு என்று பேச்சு. இன்று விடிந்ததிலிருந்து துடைப்பத்தோடு நின்றாள்.

தொலைபேசி ஒலித்தது.

“சேந்துட்டேன் வல்லி. நீ போட்ட காப்பி இன்னும் நாக்குலயே இருக்கு. கெளம்புறப்ப தலை சுத்துதுன்னு உக்காந்தியே, இப்ப எப்படி இருக்கு?”

வல்லி மகளைப் பார்த்தாள். “அது வந்துங்க...”

“குரலே சரியில்லையே. இரு, இதே விமானத்துல திரும்பிர்றேன். நாப்பது நிமிசம்தான? பேசிக்கிட்டே ஏறிட்டேன். கதவச் சாத்துறாங்க.”

“வேணாங்க, எறங்குங்க. இங்க உங்களுக்கு...”

இணைப்பு அறுந்தது.

நறுமுகை அதற்குள் பூட்டைத் திறந்திருந்தாள். “அப்பா சேந்துட்டாராம்மா? பெருக்கவா?”

வல்லி துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“இப்ப வேணாம்டா. அப்பா கெளம்பிட்டாரு.”