கிள்ளான் சட்டம்

"கோலாலம்பூர்ல மாட்டுக்கு மணி கட்டலேன்னா குத்தம். கிள்ளான்ல கட்டினா குத்தம். மாடு என்னய்யா செய்யும்? நடுவழியில நின்னு அழுமா?"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வண்டிப்பேட்டையில் மாட்டுவண்டிக்காரர் அய்யாவு மற்ற வண்டிக்காரர்களிடம் கேட்டார்.

கோலாலம்பூர் நகர போர்டு ஒரு சட்டம் போட்டிருந்தது. வண்டிக்காரன் தூங்கிவிட்டாலும் தெருவில் போகிறவர்களுக்கு வண்டி வருவது தெரியவேண்டுமாம். அதனால் மாட்டின் கழுத்துப்பட்டையில் மணியை வைத்துத் தைத்தே ஆகவேண்டும். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றார்கள்?

ஆனால் கிள்ளான் எல்லைக்கல் வந்ததும் தம்புசாமி என்று ஒருவன் குறுக்கே வந்து நிற்பான். பித்தான் இல்லாத காக்கிக் கோட்டு, முகத்தில் சிரிப்பே கிடையாது.

"ஊருக்குள்ள மணிச்சத்தம் கூடாது. இது கிள்ளான் சட்டம். கழட்டுங்கண்ணே" என்பான்.

தைத்த மணியைக் கழற்றுவதென்றால் லேசா? மாட்டை அவிழ்த்து, பட்டையை உருவி, மறுபடி பூட்டவேண்டும். அதற்குள் பின்னால் வந்த லோரிக்காரன் புழுதியை வாரி இறைத்துவிட்டு முன்னே போய், சரக்குக் கிட்டங்கியில் திரும்பி வருவதற்கான பாரத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். கொஞ்ச நாளாகவே அய்யாவு வெறும் வண்டியோடுதான் வீடு திரும்புகிறார். இப்படியே போனால் மாட்டை விற்றுவிட்டு, ஏதாவது ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகவேண்டியதுதான்.

"ரெண்டு ஊருக்கும் ஒரே சட்டம் வேணும்ணே. நீங்களே போய் ஆபீசுல கேளுங்க. உங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்று கூட வண்டி ஓட்டும் சின்னையா ஏற்றிவிட்டான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அடுத்தவன் வாயை நம்புவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அய்யாவு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிள்ளான் போர்டு ஆபீசுக்குப் போனார். அங்கே கணக்கெழுதும் கிராணி சபாபதி யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பிடி ஒரு சட்டம் இஞ்சை இல்லையே. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"இல்லையா? எல்லைக்கல்லுகிட்ட காக்கிக் கோட்டுப் போட்டுக்கிட்டு உங்க ஆள் நிக்கிறானே!"

"எங்கட ஆள் ஒருத்தரும் அங்கை இல்லை. வேணுமெண்டால் சட்டம் இல்லையெண்டு தமிழிலை ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டிவிடட்டே?"

"மொதல்ல அவனைப் பாத்துட்டு வரேன்யா."

அய்யாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாதாரண ஆள், பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு இத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறான்! கிள்ளான் நடுத்தெருவிலேயே மாடுகளுக்கு மணிப்பட்டையைக் கட்டினார். ஊரே கேட்கட்டும் என்று வண்டியை விரட்டினார்.

எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்த நேரம், சாலையோரத்து வீடு ஒன்றின் கதவு படாரென்று திறந்தது. இளவயதுப் பெண் ஒருத்தி கையில் சொம்போடு ஓடிவந்தாள். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. நேரே மாடுகளுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

அய்யாவு உயிரைக் கொடுத்துக் கயிற்றை இழுத்தார். சொம்புத் தண்ணீர் சிந்த, நுகத்தடி அவள் தோளில் உரசி நின்றது.

"வந்துட்டீங்களா? வெந்நி ஆறியே போச்சு..." என்று சிரித்தபடி நிமிர்ந்தவள், அய்யாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"அவரு இல்லியா? வழியில எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களாண்ணே? டெங்கிலுக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போனாரு."

அதற்குள் தம்புசாமி மூச்சு வாங்க ஓடிவந்தான். "வருவாரும்மா, நீ உள்ள போ" என்று அவளை வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பினான்.

"யாருய்யா? உன் தங்கச்சியா?"

"பக்கத்து வீடுண்ணே. புஷ்பவல்லின்னு பேரு. பெரிய வெள்ளத்துல புருஷன் வண்டியோட ஆத்துல போயிட்டான். உடம்புகூடக் கெடைக்கலே. லோரி போனா எட்டிப் பாக்க மாட்டா. மாட்டு மணி கேட்டா இப்படித்தான் ஓடியாந்துடுவா. முன்னாடி ஒரு தடவை சக்கரத்துலேயே விழப் போயிட்டா."

அய்யாவு கயிற்றைத் தளரவிட்டார்.

"அதுக்கு எதுக்குய்யா பொய்ச் சட்டம்? விஷயத்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேண்ணே. உங்க பேட்டை ஆளுங்ககிட்டதான் மொதல்ல கெஞ்சிக் கேட்டேன். ஒரு பைத்தியத்துக்காக மாட்டை அவுக்கணுமான்னு சிரிச்சுட்டுப் போனாங்க. அப்புறம் இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுச் சட்டம்னேன். ஒருத்தரும் என் மூஞ்சியைப் பாக்கலே, மறுபேச்சும் பேசலே."

அய்யாவுக்கு வெட்கமாக இருந்தது. கீழே இறங்கி, மாடுகளை அவிழ்த்து, பட்டையை உருவினார். வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் வண்டி நுழைந்ததும் பேட்டையே கூடிவிட்டது.

"என்னண்ணே ஆச்சு? ஆபீசுல என்ன சொன்னாங்க? இனிமே மணியோட போகலாமா?" என்றான் சின்னையா.

அய்யாவு மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டார்.

"எங்க? கிராணியே சொல்லிட்டாரு, கிள்ளான் சட்டம் ரொம்பக் கண்டிப்பாம். இனிமே மணிச்சத்தம் கேட்டா வண்டியையே பிடிச்சுக்குவாங்களாம். எதுக்குப்பா வம்பு? ஒழுங்கா எல்லையிலயே கழட்டிடுங்க!"